கருவியைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள்

கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்தால் சில வேளைகளில் அது உடனே வேலை செய்யாது. கைப்பேசியைக் கையில் பிடித்து ஆகாயத்தில் எட்டுப் போடச் சொல்லும். நாமும் போடுகிறோம். ஆனால், ஏன் போடச் சொல்கிறது என்று கேட்பவர்கள் குறைவு.

காரணம் எளிது. கைப்பேசிக்குள் ஒலிபெருக்கி இருக்கிறது. அதில் காந்தம் இருக்கிறது. பூமியின் காந்தப்புலத்தை அளக்க வந்த உணரி, தன் வீட்டுக்குள் இருக்கும் காந்தத்தையும் சேர்த்தே அளந்துவிடுகிறது. கைப்பேசியைச் சுழற்றினால் பூமியின் புலம் இருந்த இடத்திலேயே இருக்கும்; கைப்பேசியின் சொந்தக் காந்தமோ கைப்பேசியோடு சேர்ந்து திரும்பும். அப்போதுதான் எது பூமியுடையது, எது தன்னுடையது என்று அதனால் பிரித்தறிய முடிகிறது. எட்டுப் போடுவது என்பது கருவி தன் குறையைத் தானே தேடிக்கொள்ளும் சோதனை.

மாணவர்களே, நம் பள்ளி ஆய்வுக்கூடங்களில் இந்தப் பழக்கம் இல்லை என்பதுதான் இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது. கருவி காட்டும் எண்ணை எழுதிக்கொள்ளக் கற்கிறோம். அதே கருவியைத் திருப்பி வைத்தால் அதே எண் வருமா என்று பார்க்கக் கற்பதில்லை. இது சிறிய குறையாகத் தோன்றலாம். உலகின் மிக நுட்பமான காந்த உணரிகளை உருவாக்குவோர் பல்லாண்டுகளாகப் போராடிவரும் பிரச்சினையே இதுதான் என்று தெரிந்தால் அப்படித் தோன்றாது.

அணுவுக்குள் ஒரு படிக்கட்டு

அந்த உணரிகளுக்கு அணுக் காந்தமானி என்று பெயர். சிறிய கண்ணாடிக் குப்பிக்குள் சீசியம், ருபிடியம், பொட்டாசியம் போன்ற உலோகங்களில் ஒன்றின் ஆவி அடைக்கப்பட்டிருக்கும். அதற்குள் தகுந்த ஒளியைச் செலுத்தினால் அணுக்கள் ஒரே பக்கமாக அணிவகுக்கும். பிறகு, சாய்ந்து சுற்றும் பம்பரம் தலையாட்டுவதைப் போல, அவை பூமியின் காந்தப்புலத்தைச் சுற்றித் தலையாட்டும். புலம் வலுத்தால் ஆட்டம் வேகமாகும், குறைந்தால் மெதுவாகும். சீசியம் அணு ஒவ்வொரு நானோடெஸ்லாவுக்கும் விநாடிக்குச் சுமார் மூன்றரை முறை ஆடும். நெகிரி செம்பிலானில் பூமியின் புலம் ஏறக்குறைய 42,000 நானோடெஸ்லா. ஆகவே இங்கே ஒரு சீசியம் அணு விநாடிக்கு ஏறத்தாழ 1,47,000 முறை தலையாட்டும். அதை எண்ணினால் புலத்தின் அளவு கிடைத்துவிடும். ஒரு நானோடெஸ்லாவின் ஆயிரத்தில் ஒரு பங்கு மாற்றத்தைக்கூட இத்தகைய கருவிகள் உணரும்.

இங்குதான் சிக்கல் வருகிறது. நாம் அளப்பது புலத்தின் வலிமையை மட்டுமே. கருவி வடக்கே பார்த்தாலும் கிழக்கே பார்த்தாலும் விடை ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் இருப்பதில்லை. கருவியைத் திருப்பினால் விடை சற்று மாறுகிறது. இதைத் திசைப்பிழை என்று சொல்லலாம்.

ஏன் மாறுகிறது? சீசியம் அணுவின் ஆற்றல் நிலைகளை ஒன்பது படிகள் கொண்ட படிக்கட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது படிகளுக்கு நடுவே எட்டு இடைவெளிகள். ஒவ்வோர் இடைவெளிக்கும் ஓர் அதிர்வெண் உண்டு. எட்டும் சமமாக இருந்தால் தொல்லையே இல்லை. ஆனால் எலக்ட்ரானும் அணுக்கருவும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால், புலம் ஏற ஏற அந்த இடைவெளிகள் சற்றே ஏறுமாறாகின்றன. நம் ஊர்ப் புலத்தில் அடுத்தடுத்த இரண்டு இடைவெளிகளுக்குள் சுமார் 5 ஹெர்ட்ஸ் வேறுபாடு. முதல் இடைவெளிக்கும் எட்டாவதற்கும் ஏறத்தாழ 33 ஹெர்ட்ஸ். நானோடெஸ்லாவில் சொன்னால் சுமார் 9.

இந்த எட்டும் ஒன்றோடொன்று கலந்து கருவிக்கு ஒரே ஓசைபோல் கேட்கின்றன. எந்தப் படியில் அணுக்கள் அதிகம் கூடி நிற்கின்றனவோ அந்தப் பக்கமாக ஓசை சாயும். கூட்டம் எந்தப் படியில் நிற்கும் என்பதை ஒளிக்கும் காந்தப்புலத்துக்கும் இடையிலான கோணம் தீர்மானிக்கிறது. கருவியைத் திருப்பினால் கோணம் மாறும், கூட்டம் இடம் மாறும், ஓசை மாறும், எண்ணும் மாறும். புலம் மட்டும் மாறவே இல்லை.

நடைமுறையில் பிழை முழு 9 நானோடெஸ்லாவை எட்டாது. ஆனாலும் ஆயிரத்தில் ஒரு பங்கை உணரும் கருவி, திரும்பிய மாத்திரத்தில் முழுதாக ஓரிரு நானோடெஸ்லா தவறிச் சொல்லும் என்றால் அது சிறிய விஷயமல்ல. கூர்மையான காது வேறு, நேர்மையான வாய் வேறு. கருவிக்கும் இது பொருந்தும்.

செம்பனை நிரைகளுக்கு மேலே

இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். லாபு, ரந்தாவ், நீலாய் வட்டாரங்களில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறி வருவதை நாம் கண்முன்னே பார்க்கிறோம். தோட்ட நிலத்துக்கு அடியில் பழைய இரும்புக் குழாய்கள் இருக்கலாம். கைவிடப்பட்ட ஆலையின் எச்சங்கள் இருக்கலாம். போர்க்காலப் பொருள்களும் இருக்கலாம். 1942 ஜனவரி 14ஆம் நாள் கெமாஸ் அருகே கெமெஞ்சே பாலத்தில் ஆஸ்திரேலியப் படையினர் ஜப்பானியப் படைக்காகக் காத்திருந்து தாக்கியது நம் மாநில மண்ணில்தான். இப்படிப்பட்ட நிலத்தைத் தோண்டாமல் சோதிக்க உலகெங்கும் காந்தமானியைப் பயன்படுத்துகிறார்கள். இப்போது அதை ட்ரோனில் கட்டியும் பறக்கவிடுகிறார்கள்.

ட்ரோன் செம்பனை நிரைக்கு மேலே வடக்கு நோக்கிப் போகிறது. கடைசி மரத்தில் திரும்பி, அடுத்த நிரைக்கு மேலே தெற்கு நோக்கி வருகிறது. கருவியில் திசைப்பிழை இருந்தால் ஒரு நிரையில் எண்கள் கூடியும் அடுத்த நிரையில் குறைந்தும் பதிவாகும். வரைபடம் வரைந்து பார்த்தால் நிலம் முழுக்கக் கோடு கோடாகத் தெரியும். அனுபவமில்லாதவர் அதைப் புதைந்த குழாய் வரிசை என்று நினைத்து வீணாகத் தோண்டச் சொல்லலாம். அதைவிட மோசமானது, உண்மையாகவே புதைந்திருக்கும் ஒரு குண்டின் மெல்லிய அடையாளம் அந்தக் கோடுகளுக்குள் மறைந்துபோவது. சிறிய இரும்புப் பொருளின் காந்த விளைவு, தொலைவு இரட்டிப்பானால் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். இரண்டு மீட்டரில் 8 நானோடெஸ்லா தந்த பொருள் நான்கு மீட்டரில் ஒன்றுதான் தரும். திசைப்பிழையும் அதே அளவு இருந்தால் குண்டைக் கண்டோமா, கருவியின் குறையைக் கண்டோமா?

நம் ஊரில் இந்தப் பிரச்சினைக்குத் தனி முகமும் உண்டு. கனடாவின் தென்பகுதியில் பூமியின் காந்தப்புலம் தரைக்குள் 70 பாகையை ஒட்டிய சாய்வில் செங்குத்தாக இறங்குகிறது. அங்கே விமானம் எந்தப் பக்கம் திரும்பினாலும், செங்குத்தாக நிறுத்திய உணரிக்கும் புலத்துக்கும் இடையிலான கோணம் பெரிதாக மாறாது. நாமோ காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறோம். இங்கே புலம் ஏறக்குறையக் கிடைமட்டம். சாய்வு 15 பாகைக்கும் குறைவு. முன்னோக்கிப் பொருத்திய உணரி வடக்கே போகும்போது புலத்தோடு ஒத்துச் செல்லும். கிழக்கே போகும்போது குறுக்கே நிற்கும். தெற்கே வரும்போது எதிர்த்து நிற்கும். கோணம் முழு வீச்சில் மாறுகிறது. சில கோணங்களில் கருவிக்கு ஓசையே கேட்காமல் போவதும் உண்டு. ஆகவே குளிர்நாட்டில் சோதித்துத் தந்த கையேட்டை அப்படியே இங்கே நம்ப முடியாது. இந்த மண்ணில், இந்தச் சாய்வில், யாராவது கருவியைத் திருப்பிப் பார்த்தே ஆக வேண்டும். அந்த யாரோ ஒருவர் ஏன் நம் பிள்ளையாக இருக்கக் கூடாது?

காந்த நடுக்கோட்டின் அருமையை உணர்ந்தவர்கள் முன்பே இருந்திருக்கிறார்கள். இந்தியா தன் முதல் ஆய்வு ராக்கெட்டை 1963 நவம்பர் 21இல் கேரளத்தின் தும்பாவிலிருந்து ஏவியதற்குக் காரணம், அந்த மீனவர் கிராமம் காந்த நடுக்கோட்டை ஒட்டி இருந்ததுதான். இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஓர் ஆய்வகம் நடத்துவதற்கும் அதே காரணம். நம் வட்டாரத்திலோ 1840களிலேயே மெட்ராஸ் பொறியியல் படைப்பிரிவைச் சேர்ந்த எலியட் என்ற அதிகாரி சிங்கப்பூரில் காந்த ஆய்வகம் நடத்தி, பிறகு சுற்றுவட்டாரத் தீவுகளிலும் காந்தப்புலத்தை அளந்தார்.

தட்டை மாற்றிப் போடும் தந்திரம்

திசைப்பிழையைக் குறைக்கும் வழிகளைப் பார்த்தால், அவற்றில் சில நம் பாட்டிமார்களுக்கே தெரிந்தவை என்பது புரியும். மளிகைக் கடையில் இரட்டைத் தட்டுத் தராசு இருந்த காலத்தில் எடையில் சந்தேகம் வந்தால் என்ன செய்வார்கள்? "தட்டை மாற்றிப் போடு" என்பார்கள். சரக்கு இருந்த தட்டில் படிக்கல், படிக்கல் இருந்த தட்டில் சரக்கு. தராசில் கோளாறு இருந்தால் இப்போது எதிர்ப்பக்கம் சாயும். இரண்டு எடைகளின் சராசரி உண்மைக்கு மிக அருகில் இருக்கும்.

சீசியம் காந்தமானியிலும் முதல் வழி இதுவே. ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றை வலஞ்சுழியாகவும் மற்றொன்றை இடஞ்சுழியாகவும் முனைவாக்கி அனுப்புகிறார்கள். ஒன்று அணுக்களைப் படிக்கட்டின் மேலே கூட்டும். மற்றொன்று கீழே கூட்டும். இரண்டு பிழைகளும் எதிரெதிரானவை. சேர்த்தால் பெரும்பகுதி அடிபட்டுப் போகும்.

இரண்டாவது வழி, அணுவையே மாற்றுவது. பொட்டாசியத்தில் இடைவெளிகளின் வேறுபாடு சீசியத்தைவிடப் பல மடங்கு பெரிது. நம் ஊர்ப் புலத்தில் சுமார் 370 ஹெர்ட்ஸ். பெரிய குறைபோலத் தோன்றும் இது உண்மையில் வசதி. ஓசைகள் விலகி நிற்பதால் கலக்காது. ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்கலாம். ஹீலியம்-4 அணுவுக்கோ அணுக்கருத் தற்சுழற்சியே இல்லை. எனவே அந்த ஏறுமாறான படிக்கட்டும் இல்லை. பூமியின் காந்தப்புலத்தை அளக்க ஐரோப்பிய விண்வெளி முகமை 2013 நவம்பரில் ஏவிய மூன்று ஸ்வார்ம் செயற்கைக்கோள்களில் ஹீலியம் காந்தமானிதான் இருக்கிறது. அதிலும் விண்கலம் எப்படித் திரும்பினாலும் ஒளியின் முனைவாக்கத் திசை புலத்துக்குச் செங்குத்தாகவே இருக்கும்படி ஒரு சிறு மோட்டார் திருப்பிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது வழி, கலைந்து போகும் அணுக்களைக் கட்டி நிறுத்துவது. கூடுதலாக ஓர் அலைவுப் புலத்தைச் செலுத்தி, வெவ்வேறு வேகத்தில் ஆட நினைக்கும் அணுக்களை ஒன்றாகவே ஆடவைக்கும் முறையை டிமிட்ரி பட்கர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டார்கள்.

நான்காவது வழி, பிழையை ஒளிக்காமல் அளந்து பதிவு செய்வது. விமானத்தின் இரும்பும் மின்சுற்றும் தரும் பிழை அணுவின் பிழையிலிருந்து வேறானது. அதைக் கழிக்க, வேலை தொடங்கும் முன் விமானத்தை நான்கு திசைகளிலும் ஓட்டி, ஒவ்வொரு திசையிலும் ஆட்டியும் சாய்த்தும் பார்க்கிறார்கள். எந்த நிலையில் எவ்வளவு பிழை என்று கணக்கெடுத்து, பிறகு அளவீட்டிலிருந்து கழித்துவிடுகிறார்கள். இரண்டாம் உலகப்போரில் கடலடியில் நீர்மூழ்கிகளைத் தேடிய காலத்திலிருந்து வளர்ந்து வந்த முறை இது. உங்கள் கைப்பேசி போடச் சொல்லும் எட்டுக்கு இது அண்ணன் முறை.

பத்து முறை அளந்தால் போதாது

படிவம் 1 அறிவியலிலேயே 'ராலாட் சிஸ்தெமாத்திக்', 'ராலாட் ராவாக்' என்று இரண்டு பிழைகளைப் படிக்கிறோம். தேர்வில் வரையறையும் எழுதுகிறோம். ஆனால் ஆய்வுக்கூடத்தில் என்ன செய்கிறோம்? மூன்று முறை அளந்து சராசரி எடுத்து, பிழை போய்விட்டது என்று நம்புகிறோம். அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும் பிழைதான் சராசரியில் குறையும். ஒரே பக்கமாகச் சாயும் பிழை, கருவியை அசைக்காமல் நூறு முறை அளந்தாலும் நூறு முறையும் அப்படியே வரும். நூறு அளவீடும் ஒத்துப்போவதால் நம் நம்பிக்கை மட்டும் கூடும். தவறு குறையாது, தவறின் மீது நமக்குள்ள உறுதிதான் கூடும்.

இதற்கு மருந்து, எதையாவது ஒன்றை வேண்டுமென்றே மாற்றி அளப்பது. தராசில் தட்டு, காந்தமானியில் திசை, வெப்பமானியில் வேறொரு வெப்பமானி, நீளம் அளக்கும்போது அளவுகோலின் மறுமுனை. மாற்றியபோது விடை மாறினால் வெட்கப்பட ஒன்றுமில்லை. அங்கேதான் அறிவியல் தொடங்குகிறது.

தமிழ்ப்பள்ளி மாணவர்கள் அறிவியல் விழாக்களிலும் புத்தாக்கப் போட்டிகளிலும் பரிசுகள் வென்று வருவது நமக்குப் பெருமை. அந்தப் பெருமையைக் குறைக்காமல் ஒன்று சொல்கிறேன். நடுவர்கள் பெரும்பாலும் "இது என்ன செய்யும்?" என்று கேட்கிறார்கள். "இது எப்போது தவறும்?" என்றும் கேட்க வேண்டும். தன் கருவியின் பிழையைத் தானே கண்டுபிடித்து அட்டவணை போட்டுக் காட்டும் மாணவருக்குத் தனிப் புள்ளிகள் தர வேண்டும். ஆசிரியர்களும் ஆய்வுக்கூட அறிக்கையில் "கருவியைத் திருப்பி அல்லது மாற்றி அளந்தபோது கிடைத்தது" என்று ஒரு வரிக்கு இடம் ஒதுக்கலாம். அதற்குப் பணம் தேவையில்லை.

எஸ்.பி.எம். தேர்வுக்கே நேரம் போதவில்லை, இதற்கு எங்கே நேரம் என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இது பாடத்திட்டத்துக்கு வெளியே போய்ப் படிப்பதல்ல. அளவீடு, பிழை, மின்காந்தவியல், படிவம் 5இல் வரும் குவாண்டம் இயற்பியல் என்று தனித்தனியாக மனனம் செய்யும் நான்கையும் ஒரே கயிற்றில் கட்டுவது. கயிறு இருந்தால் மறக்காது.

தோட்டமே ஆய்வுக்கூடம்

நல்ல கருவி நகரத்துப் பள்ளியில்தான் இருக்கும், தோட்டத்துப் பிள்ளைக்கு எங்கே வாய்ப்பு என்ற எண்ணமும் நம்மிடம் உண்டு. காந்த அளவீட்டில் நிலைமை தலைகீழ். பம்பாய் கொலாபாவில் இருந்த புகழ்பெற்ற காந்த ஆய்வகம், நகரத்தில் மின்சார டிராம் வரப்போகிறது என்றதும் அமைதியான இடம் தேடியது. 1904இல் அலிபாக் என்ற சிற்றூரில் அதற்குப் புதிய கட்டடம் எழுந்தது. மின்ரயில், கார், உயர்ந்த இரும்புக் கட்டடம் எதுவும் அருகில் இல்லாத வெளிக்காடுதான் காந்தவியலாளருக்குச் சொர்க்கம். அது நம்மிடம் இருக்கிறது.

இந்த வாரமே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற செயலி இலவசம். அதில் காந்தமானியைத் திறந்தால் மொத்தப் புலத்தை மைக்ரோடெஸ்லாவில் காட்டும். கைப்பேசியில் இருப்பது அணு உணரி அல்ல. ஆனாலும் பாடம் ஒன்றுதான். வீடு, வேலி, மோட்டார் சைக்கிள் எல்லாவற்றையும் விட்டு விலகி, இரும்பு ஆணி இல்லாத மரப்பலகையில் கைப்பேசியைக் கிடத்துங்கள். எட்டுத் திசைகளுக்கும் திருப்பி, ஒவ்வொரு திசையிலும் எண்ணைக் குறியுங்கள். எட்டும் 42க்கு அருகே ஒன்றாக இருக்க வேண்டும். பெரும்பாலும் இருக்காது. மிகப் பெரிய எண்ணிலிருந்து மிகச் சிறியதைக் கழியுங்கள். அதுதான் உங்கள் கைப்பேசியின் திசைப்பிழை. இப்போது வடக்கையும் தெற்கையும் கூட்டிச் சராசரி எடுங்கள். கிழக்கையும் மேற்கையும் அப்படியே செய்யுங்கள். மற்ற இரண்டு எதிரெதிர்ச் சோடிகளையும் பாருங்கள். நான்கு சராசரிகளும் முன்பைவிட நெருங்கி வரும். பாட்டியின் தராசுத் தந்திரம் உங்கள் நோட்டுப் புத்தகத்தில் வேலை செய்வதைக் காண்பீர்கள். பிறகு ஒரு சாவிக்கொத்தைக் கைப்பேசியோடு சேர்த்து ஒட்டி, மறுபடியும் சுற்றிப் பாருங்கள்.

இதில் ஆர்வம் வந்தவர்களுக்கு வழியும் உண்டு. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் புவி இயற்பியல் படிக்கலாம். நாட்டின் அளவீட்டுத் தரங்களைக் காக்கும் தேசிய அளவியல் கழகம் சிப்பாங்கில், நீலாயிலிருந்து அதிகத் தொலைவில்லாத இடத்தில்தான் இருக்கிறது. இந்தியா 2023இல் அறிவித்த தேசிய குவாண்டம் திட்டத்தில் அணுக் காந்தமானிகளும் ஓர் இலக்கு. மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்று மூன்றே வாசல்களைப் பார்த்து நிற்கும் நம் வீடுகளில், அளவியல் என்ற நான்காவது வாசல் இருப்பதைப் பெற்றோருக்கும் சொல்லுங்கள்.

தோட்டத்தில் எடை நிறுத்த நாளெல்லாம் நம் முன்னோர் தராசையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது காட்டிய எண்தான் அன்றைய கூலி. அந்த எண்ணைக் கேள்வி கேட்க எல்லாருக்கும் துணிவும் இல்லை, வழியும் தெரியவில்லை. இன்று வழி தெரியும். எந்தக் கருவி எந்த எண்ணைக் காட்டினாலும், எழுதிக்கொள்வதற்கு முன் அதைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள்.